திருநங்கைக்கு மட்டும் தனி மரியாதையா? மருத்துவமனைப் பேச்சில் இருக்கும் வர்க்கக் கணக்கு

திருநர் நோயாளிகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று மருத்துவமனை ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்ற செய்தி எப்போது வந்தாலும் கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடுகிறது. "அரசு ஆஸ்பத்திரியில எல்லாரையும்தான் திட்டுறாங்க. சித்தாள் வேலைக்குப் போற அம்மாவையும் 'ஏய், அந்தப் பக்கம் போய் உக்காரு'ன்னுதான் சொல்றாங்க. இதுல திருநங்கைக்கு மட்டும் தனியா என்ன மரியாதை?"

இதை வெறுப்புப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. கேட்பவர் சொல்லும் தகவல் சரிதான். ஏழை நோயாளியை ஒருமையில் விரட்டுவது நம் ஊரில் பழகிப்போன விஷயம், அதற்கு யாரும் பெரிதாகக் கோபப்படுவதும் இல்லை. ஆனால் "எல்லாரையும்" என்ற இடத்தில்தான் அந்தக் கேள்வி சறுக்குகிறது. காரில் வந்து இறங்குகிறவரை யாரும் திட்டுவதில்லை. ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசுகிறவரையும், கூடவே வக்கீல் சித்தப்பாவை அழைத்து வருகிறவரையும் திட்டுவதில்லை. மரியாதை அங்கே ஆளைப் பார்த்து அளந்து கொடுக்கப்படுகிறது. திருநர் ஒருவர் உள்ளே நுழைந்ததும் அந்த அளவையில் அவருக்கு எந்த இடம் கிடைக்கிறது, அதனால் அவருடைய சிகிச்சை எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். சிகிச்சை கெடுகிற பகுதிதான் பலருக்கும் தெரியாதது, அதனால் அதில் கொஞ்சம் கூடுதல் நேரம் செலவழிக்கிறேன்.

## முதலில் அடிப்படை

பிறப்பில் ஆண் என்று பதிவாகி, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பெண் என்று பதிவாகி ஆணாக வாழ்பவர் திருநம்பி. இவர்களையும், இந்த இரண்டுக்குள்ளும் தன்னை அடைத்துக்கொள்ள விரும்பாதவர்களையும் சேர்த்துச் சொல்ல 'திருநர்' என்ற சொல் புழங்குகிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டாரா, ஹார்மோன் எடுக்கிறாரா என்பதற்கும் இந்தப் பெயர்களுக்கும் சம்பந்தமில்லை. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: பாலின அடையாளத்தை முடிவு செய்வது அந்த நபர்தான், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக வைக்கக் கூடாது.

இது நோயா என்றால், உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐசிடி-11 என்ற சர்வதேச நோய்ப் பட்டியல், இதை மனநோய்களுக்கான அத்தியாயத்திலிருந்து எடுத்து, பாலியல் நலம் தொடர்பான நிலைகள் என்ற அத்தியாயத்தில் வைத்துவிட்டது. அப்படியானால் பட்டியலை விட்டே எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். எடுத்தால் காப்பீட்டுக்கும் அரசு நிதிக்கும் காட்டுவதற்கு ஒரு குறியீடு இல்லாமல் போய்விடும், ஹார்மோனுக்கும் அறுவை சிகிச்சைக்கும் யாரிடமும் பணம் கேட்க முடியாது.

அப்புறம் வர்க்க ஊகம். நோயாளி வாயைத் திறப்பதற்கு முன்பே உடை, செருப்பு, பேச்சு, கூட வந்திருக்கும் ஆள், கையில் இருக்கும் அட்டை இவற்றை வைத்து அவர் என்ன படித்திருப்பார், என்ன வேலை செய்வார், சொல்வது உண்மையாக இருக்குமா, சொன்ன மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவாரா என்றெல்லாம் எதிரில் இருப்பவர் மனதுக்குள் போட்டுவிடும் கணக்கு அது. எல்லா நோயாளிக்கும் இந்தக் கணக்கு உண்டு. திருநங்கை என்றால் மட்டும் கணக்கே போடாமல் விடை வந்துவிடுகிறது: கடை கேட்பவர் (கடை கடையாகப் போய்க் காசு வாங்குபவர்), இல்லாவிட்டால் பாலியல் தொழில் செய்பவர்.

## அந்த ஊகம் பொய் என்று சொல்லித் தப்பிக்க முடியாது

இங்கேதான் பல நல்லெண்ணக் கட்டுரைகள் வழுக்குகின்றன. "திருநங்கைகளில் காவல் உதவி ஆய்வாளர் இருக்கிறார், பத்மஸ்ரீ வாங்கிய நடனக் கலைஞர் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், அதனால் மரியாதை கொடுங்கள்" என்று எழுதுகிறார்கள். பிரித்திகா யாஷினியும் நர்த்தகி நடராஜும் நமக்குப் பெருமை, சந்தேகமில்லை. 2022இல் ஹைதராபாத் உஸ்மானியா அரசு மருத்துவமனையில் பிராச்சி ராத்தோட், ரூத் ஜான் பால் என்ற இரண்டு திருநர் மருத்துவர்கள் பணியில் சேர்ந்ததும் பெரிய விஷயம். ஆனால் இந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டால், சிக்னலில் கை நீட்டுகிறவருக்கு மரியாதை தேவையில்லை என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிறது.

நடப்பு என்னவென்றால், பதினைந்து பதினாறு வயதில் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, பள்ளிப் படிப்பு பாதியில் நின்று, ஜமாத் என்ற திருநங்கைகள் குழுவில் ஒரு மூத்த திருநங்கையிடம், அதாவது குருவிடம், சேர்ந்து, கடை கேட்டும் பாலியல் தொழில் செய்தும் வாழ்கிற திருநங்கைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்த ஊகம் சரி. சரியாக இருந்துவிட்டுப் போகட்டும். கட்டடத் தொழிலாளிக்கு முதுகு வலித்தால் அவர் தொழிலைக் கேட்பது நோயைக் கண்டுபிடிக்க உதவுகிறது. அதே மாதிரி பாலியல் தொழில் செய்பவரிடம் தொழிலைப் பற்றிக் கேட்பதும் சில நோய்களுக்கு உதவும். கேட்காமலே முடிவு செய்துவிட்டு, அந்த முடிவை வைத்து அவரை வரிசையில் கடைசிக்குத் தள்ளுவதும், நாற்காலி காட்டாமல் நிற்க வைத்தே பார்ப்பதும், தொட்டுப் பரிசோதிக்காமல் தூரத்திலிருந்தே மாத்திரை எழுதுவதும் எந்த நோயையும் கண்டுபிடிக்க உதவாது.

## நீ, அவன், அவங்க

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பயிற்சிக் கையேடுகள் "உங்களை எந்தச் சுட்டுப்பெயரால் அழைக்கலாம்?" என்று நோயாளியிடம் கேட்கச் சொல்கின்றன. அதை அப்படியே மொழிபெயர்த்து மதுரையிலோ விழுப்புரத்திலோ ஒரு ஓ.பி.யில் கேட்டால் நோயாளிக்கும் புரியாது, கேட்கிற சிஸ்டருக்கும் கூச்சமாக இருக்கும். தமிழில் சிக்கல் வேறு மாதிரி. எதிரில் இருப்பவரை அழைக்கும் நீ, நீங்க என்பதில் பாலினம் கிடையாது, ஆனால் அந்தஸ்து அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தள்ளி நிற்பவரைச் சொல்லும் அவன், அவள் இரண்டிலும் பாலினமும் இருக்கிறது, அந்தஸ்தும் இருக்கிறது. "அடுத்து அவனை உள்ள அனுப்பு" என்று அட்டெண்டரிடம் சொல்லும்போது திருநங்கைக்கு ஒரே சொல்லில் இரண்டு அடி விழுகிறது: பெண் இல்லை என்பது ஒன்று, மதிக்கத் தேவையில்லாத ஆள் என்பது இன்னொன்று.

தீர்வும் அதே மொழியில் கிடைக்கிறது, அதுவும் செலவில்லாமல். பேச்சில் 'நீங்க', 'அவங்க', எழுத்தில் 'அவர்'. மூன்றிலும் பாலினம் தெரியத் தேவையில்லை. எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாவிட்டாலும் தவறாகப் போக வழியில்லை. சித்தாள் அம்மாவுக்கும் இதையே சொல்லிப் பழகினால் முதலில் பார்த்த "எல்லாரையும்தான் திட்டுறாங்க" பிரச்சினையும் சேர்ந்து தீரும். அக்கா, அம்மா, தம்பி, சார் என்ற உறவுச் சொற்களில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். சேலை கட்டி வந்தவரை அக்கா என்று கூப்பிட யோசிக்கத் தேவையில்லை, புரியாதபோது பெயரைக் கேட்டு அந்தப் பெயராலேயே கூப்பிடலாம்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆதாரில் பழைய ஆண் பெயர் இருக்கும், ஓ.பி. சீட்டிலும் அதுவே ஏறும், நூறு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதைச் சத்தமாகக் கூப்பிடும்போது சேலையில் எழுந்து நிற்கிறவர் மொத்தக் கூட்டத்துக்கும் வேடிக்கைப் பொருளாகிறார். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டால் போதும், முடிந்துவிடும். பலர் அடுத்த முறை வராமலே போவதற்குக் காரணம் டாக்டர் சொன்னது எதுவுமில்லை, வராந்தாவில் நடந்த இந்த ஒரு நிமிடம்தான்.

## சிகிச்சை எங்கெல்லாம் கெடுகிறது

மரியாதைக் குறைவு மனதைப் புண்படுத்தும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பகுதி.

1. எல்லா நோயும் பாலியல் நோயாகிறது. காய்ச்சலுக்கு வந்தாலும் முதல் கேள்வி "எத்தனை பேரோட போவ?" என்பதாக இருக்கிறது, எச்.ஐ.வி. பரிசோதனைச் சீட்டு கேட்காமலே நீட்டப்படுகிறது. திருநங்கைகளிடம் எச்.ஐ.வி. அதிகம்தானே என்றால், ஆமாம், அதிகம்தான். 2017ஆம் ஆண்டின் தேசியக் கண்காணிப்புக் கணக்குப்படி ஹிஜ்ரா மற்றும் திருநர் பிரிவில் அது 3.14 சதவீதம். பெரியவர்கள் மொத்தத்திலும் எடுத்தால் சுமார் 0.22 சதவீதம். ஆகவே பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று விளக்கிக் கேட்பது நல்ல மருத்துவம். அந்தக் கணக்கையே திருப்பிப் படித்தால் நூறில் 96, 97 பேருக்கு அந்தக் கிருமி இல்லை, அவர்களுக்கும் டெங்கு வரும், டைபாய்டு வரும், குடல்வால் வீங்கும்.

2. எல்லா நோயும் ஹார்மோனால் வந்ததாகிறது. இது படித்த, வசதியான திருநர்களுக்கு அதிகம் நடப்பது. கை உடைந்து போனாலும் "ஹார்மோன் எடுக்கிறீர்களா, அதை முதலில் நிறுத்துங்கள்" என்பது. பிரிட்டனில் இதற்கு 'திருநர் கைமுறிவு நோய்' என்று கிண்டலாக ஒரு பெயரே இருக்கிறது.

3. ஹார்மோனைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விடுவது. இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. மருத்துவரிடம் போகப் பயந்து, மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரை வாங்கி, தோழி சொன்ன அளவில் தினமும் பல மாத்திரைகள் விழுங்குகிற திருநங்கைகள் இருக்கிறார்கள். மார்பு வளரும், தோல் மிருதுவாகும், அதனால் அது வேலை செய்கிறது என்ற நம்பிக்கை. அந்த மாத்திரைகளில் பலவற்றில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடையோல் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்), ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதை அதிகப்படுத்தும். அதனால்தான் பாலின மாற்றச் சிகிச்சைக்கான வழிகாட்டுதல்கள் அதைத் தவிர்த்து வேறு வகை ஈஸ்ட்ரோஜனைச் சொல்கின்றன. அளவு கூடக் கூட, சிகரெட் பழக்கமும் சேரச் சேர, ஆபத்தும் கூடும். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென்று மூச்சு வாங்குவது இரண்டும் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகிறது என்பதற்கு அறிகுறியாக இருக்கலாம், சில மணி நேரத்தில் உயிர் போகலாம். மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது தெரிந்தால் டாக்டர் அந்தப் பக்கம் உடனே யோசிப்பார். ஆனால் வாசலில் செக்யூரிட்டியிடம் ஒரு முறை, சீட்டு கொடுக்கிறவரிடம் ஒரு முறை சிரிப்புக்கு ஆளாகி வந்தவர், "மருந்து ஏதாவது சாப்பிடுறியா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

4. ஆண், பெண் கட்டம் போடும் தப்பு. 2019இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு நிகழ்வு வெளியானது. அமெரிக்காவில் 32 வயது திருநம்பி ஒருவர் கடும் வயிற்றுவலியோடு அவசரப் பிரிவுக்கு வருகிறார். பதிவேட்டில் ஆண். காப்பீடு பறிபோனதால் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியிருந்தார், உடல் பருமனானவர். தான் திருநர் என்றும், வீட்டில் செய்த கர்ப்பப் பரிசோதனை உறுதி காட்டியது என்றும் அவரே சொல்கிறார். அப்படியும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாத குண்டான ஆண் என்ற படம்தான் மனதில் நின்றது, அவசரம் இல்லை என்று வகைப்படுத்தப்பட்டார். மருத்துவர் முழுமையாகப் பரிசோதிக்கும்போது பல மணி நேரம் ஓடிவிட்டது, குழந்தை இறந்து பிறந்தது. பதிவேட்டின் கட்டமும், காசில்லாமல் மருந்தை விட்டவரைப் பற்றிய ஊகமும் இங்கே கைகோத்து வேலை செய்திருப்பதைக் கவனியுங்கள். திருநம்பிகள் எடுக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனால் மாதவிடாய் நிற்கலாம், அதை நம்பிக் கருத்தடை என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பது இங்கேயும் பல மருத்துவர்களுக்கு நினைவுக்கு வருவதில்லை.

5. ரத்தப் பரிசோதனை அளவுகள். ஹீமோகுளோபின் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. சில மாதங்கள் ஈஸ்ட்ரோஜன் எடுத்த திருநங்கைக்கு இது பெண்களின் அளவுக்கு இறங்கிவிடும். சீட்டில் ஆண் என்று இருந்தால் லேப் அதைச் சிவப்பில் அடித்து அனுப்பும், தேவையில்லாத இரும்புச்சத்து மாத்திரை தொடங்கும்.

6. உறுப்புகள். திருநங்கைக்கான அறுவை சிகிச்சையில் புராஸ்டேட் சுரப்பியை எடுப்பதில்லை, அதனால் வயதானபின் அது தொந்தரவு கொடுக்கலாம். கருப்பையை எடுக்காத திருநம்பிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. ஆனால் தாடியோடு போய் மகளிர் பிரிவு வரிசையில் உட்கார்ந்து, ஊழியர்களின் கேள்விகளைத் தாங்கி, முறை வரும்வரை காத்திருக்க எத்தனை பேரால் முடியும்?

## நிர்வாணமும் கிழிந்த நம்பிக்கையும்

மருத்துவமனைக்கு வெளியே தாயம்மா என்று அழைக்கப்படும் மூத்த திருநங்கை கையால் ஆணுறுப்பும் விதையும் நீக்கப்படுவதைத் திருநங்கைகள் நிர்வாணம் என்பார்கள். மயக்க மருந்து கிடையாது, கிருமிநீக்கம் கிடையாது. பிழைத்தவர்களுக்கு நாள்பட சிறுநீர்ப் பாதை சுருங்கும். சிறுநீர் சொட்டு சொட்டாகப் போகும், அடிக்கடி தொற்று வரும், கவனிக்காவிட்டால் சிறுநீரகம் வரைக்கும் போகும். விதை போய், ஹார்மோனும் எடுக்காமல் வருடக்கணக்கில் இருந்தால் எலும்பு தேய்ந்து பலவீனமாகும்.

தமிழ்நாட்டில் இதற்கு மாற்று இருக்கிறது. 2008இலேயே திருநர்களுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது, இந்தியாவில் அதுதான் முதல் வாரியம். அரசு மருத்துவமனையில் பாலின மாற்று அறுவை சிகிச்சை இலவசமாகவே நடக்கிறது. அப்படி இருந்தும் தாயம்மாவைத் தேடிப் போனவர்கள், மருந்துக்கடை மாத்திரையோடு நின்றுவிட்டவர்கள் இருக்கிறார்கள் என்றால், திட்டத்துக்கும் ஆளுக்கும் நடுவில் ஓ.பி. வராந்தா இருக்கிறது என்றுதான் அர்த்தம். நிர்வாணம் செய்துகொண்டு பின்னாளில் சிறுநீர் அடைப்போடு வருபவரிடம் "யாரைக் கேட்டு அறுத்துக்கிட்ட?" என்று கேட்பவருக்கு, அந்தக் கேள்விதான் அவரை முதலிலேயே வெளியே துரத்தியது என்று தெரிவதில்லை.

## வசதியானவருக்கு வேறு ஊகம்

ஆங்கிலம் பேசும், ஐ.டி.யில் வேலை பார்க்கும் திருநர் என்றால் பிரச்சினை தீர்ந்துவிடுகிறதா? அவமானம் குறையும், அவநம்பிக்கை அப்படியே இருக்கும். "இது இன்டர்நெட் பார்த்து வந்த ஆசை", "பணம் இருக்கு, ஃபேஷன்". திருநம்பிகளுக்கு இது இரட்டிப்பாக நடக்கிறது. திருநங்கை என்றால் ஊரில் ஓர் உருவம் இருக்கிறது, திருநம்பிக்கு அந்த உருவமே இல்லை, அதனால் அவர் சொல்வதையே நம்புவதில்லை. "பார்த்தா தெரியவே இல்லையே, நல்ல குடும்பத்துப் பொண்ணு மாதிரி இருக்கீங்க" என்ற பாராட்டும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வருபவருக்கும், தெரிகிற மாதிரி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியும்.

வர்க்க ஊகம் மருத்துவ அறிவியலுக்குள்ளேயே நுழைந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1960களில் பாலின மாற்றச் சிகிச்சைக்குப் பெயர் வாங்கியது. 1979இல் அங்கே ஜான் மேயர், டோனா ரீட்டர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு, அறுவை சிகிச்சையால் நோயாளிகள் வாழ்க்கையில் குறிப்பிட்ட முன்னேற்றம் இல்லை என்றது. அந்தப் பிரிவு மூடப்பட்டது. முன்னேற்றத்தை எதை வைத்து அளந்தார்கள் என்று பார்த்தால், பார்க்கும் வேலையின் தரம், போலீஸ் கைது செய்ததா, யாரோடு சேர்ந்து குடும்பம் நடத்துகிறார், மனநலச் சிகிச்சை எடுத்தாரா. வேலையில் மேலே போனால் மதிப்பெண் கூடும், கைதானால் குறையும். உடலோடு சமாதானமாக இருக்கிறாயா என்ற கேள்வி அந்த மதிப்பெண் பட்டியலில் இல்லை. திருநர்களை வேலைக்கு எடுக்காத சமூகத்தில், வேலை கிடைக்கவில்லை என்பதைச் சிகிச்சையின் தோல்வியாக எழுதினார்கள். அந்த மருத்துவமனை மறுபடி இந்தச் சிகிச்சையைத் தொடங்கியது 2017இல்.

கடிதங்களும் இதே ரகம்தான். அறுவை சிகிச்சைக்கு முன் மனநல மருத்துவரின் பரிந்துரை வேண்டும், பல காலம் இரண்டு கடிதம் கேட்டார்கள். 2022இல் வந்த, திருநர் சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டுதலின் எட்டாம் பதிப்பு, பெரியவர்களுக்கு ஒரே கடிதம் போதும் என்றது. தனியாரில் ஒவ்வொரு சந்திப்புக்கும் கட்டணம் கொடுப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

## "வீட்டிலிருந்து யாராவது வரச் சொல்லு"

அவமரியாதையே இல்லாமல், மிகவும் பணிவாகவே கேட்கப்படும் ஒரு கேள்வி இது. அறுவை சிகிச்சை என்றால் அப்பா, அம்மா, கணவன் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். நோயாளிக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, அது அவருக்காக வரும் என்ற ஊகம் இதில் இருக்கிறது. வீடே துரத்திவிட்டவர் யாரை அழைத்து வருவார்? குருபாய் (ஒரே குருவிடம் சேர்ந்த இன்னொரு திருநங்கை) வந்தால் "நீங்க என்ன உறவு?" என்பார்கள்.

சட்டப்படி இதற்குத் தேவையே இல்லை. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சம்மதம்தான் சம்மதம், அவருக்குப் பதிலாக வேறொருவர் கொடுப்பது செல்லாது. அந்த வழக்கில் 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயாரிடம் சம்மதம் வாங்கி அறுவை செய்திருந்தார்கள். கையெழுத்துக்கு ஆள் தேடும் எந்த நோயாளியும், திருநரோ இல்லையோ, இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேட்கலாம். அறுவைக்குப் பின் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது நியாயமான கவலைதான், அதற்கு யார் வந்தாலும் போதும், ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை.

## வேறு எப்படிக் கேட்கலாம்

நல்ல மனசு இருந்தால் போதும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 60 பேர் வெளியே நிற்கும்போது மனசு வேலை செய்யாது, பழகிய வாக்கியம்தான் வாயில் வரும். ஆகவே வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

1. முதல் கேள்வி எல்லாரிடமும் ஒன்றுதான்: "சொல்லுங்க, என்ன தொந்தரவு?"

2. மருந்தைக் கேட்கும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்வது. "மூச்சு வாங்குறதுக்கு சில மாத்திரை காரணமா இருக்கலாம், அதனால கேக்கிறேன். ஹார்மோன், கருத்தடை மாத்திரை, ஊசி ஏதாவது எடுக்கிறீங்களா? எங்க வாங்கினாலும் பரவாயில்ல."

3. அந்தரங்கக் கேள்வி வந்த நோய்க்குத் தேவையா என்று ஒரு நொடி யோசிப்பது. சிறுநீர் எரிச்சலுக்கு வந்தவரிடம் அறுவை சிகிச்சை பற்றிக் கேட்பது தேவை. பல்வலிக்கு வந்தவரிடம் அது வெறும் ஆர்வக்கோளாறு. மருத்துவ மாணவர்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்கு நோயாளியிடம் அனுமதி கேட்க வேண்டும், ஏழை நோயாளி என்றால் இதை யாரும் கேட்பதே இல்லை.

4. பாலியல் கேள்வி தேவைப்பட்டால் எல்லா நோயாளியிடமும் கேட்கும் அதே சொற்களில், கதவைச் சாத்திவிட்டு.

5. எந்த வார்டு என்று அவரையே கேட்பது.

## சட்டம் எவ்வளவு தூரம் வரும்

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் பரிசோதனை செய்யக் கூடாது, சிகிச்சை தருவதற்கு அந்தப் பரிசோதனையை நிபந்தனையாக வைக்கவும் கூடாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் சுஷ்மா வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவுகளின் தொடர்ச்சியாக, பாலின அடையாளத்தை 'மாற்றிக் குணப்படுத்துகிறேன்' என்ற சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. பாடப்புத்தகங்களில் இருக்கும் இழிவான வரிகளைப் பற்றியும் ஏற்கெனவே 2021இல் அறிவுரை கொடுத்திருந்தது. அதே ஆணையம் 2024 ஆகஸ்டு கடைசியில் வெளியிட்ட தடயவியல் பாடத்திட்டத்தில் பெண் ஓரினச்சேர்க்கையை மறுபடியும் பாலியல் குற்றங்களோடு சேர்த்து வைத்தது, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றது. இப்படி ஓர் அடி முன்னே, ஓர் அடி பின்னே.

திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் இயற்றப்பட்டபோது அதன் 3ஆம் பிரிவு சிகிச்சை மறுப்பதையும், பாதியில் நிறுத்துவதையும், சிகிச்சையில் பாரபட்சம் காட்டுவதையும் தடை செய்தது. 15ஆம் பிரிவு ஹார்மோன், அறுவை சிகிச்சை, ஆலோசனை, காப்பீடு, மருத்துவப் பாடத்திட்ட மறுஆய்வு எல்லாவற்றையும் அரசின் கடமையாக எழுதியது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் தண்டனைகளைச் சொல்லும் 18ஆம் பிரிவில் அப்போது சிகிச்சை மறுப்பு என்று தனியாக ஒரு வரி இருக்கவில்லை. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து விளைவித்தல் என்ற பொதுவான வரிக்குள் இழுத்து வந்துதான் வாதாட வேண்டியிருந்தது, அதற்கும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரைதான் சிறை.

அமெரிக்காவில் 1995இல் டைரா ஹன்டர் என்ற திருநங்கை வாஷிங்டனில் கார் விபத்தில் சிக்கினார். சிகை அலங்காரம் செய்பவர், கறுப்பினப் பெண், வயது 24. முதலுதவிக்கு வந்த தீயணைப்பு ஊழியர் உடையை வெட்டி, உடலைப் பார்த்ததும் கேலி பேசிக்கொண்டு சிகிச்சையை நிறுத்தினார். டைரா அன்றே இறந்தார். அவருடைய தாய் வழக்குப் போட்டார், 1998இல் ஜூரி சுமார் 29 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. அந்த வழக்குக்குப் பலம் சேர்த்தது ஒன்று உண்டு: சுற்றி நின்றிருந்த மக்கள் நடந்ததைப் பார்த்தார்கள், சாட்சி சொன்னார்கள்.

நம் ஊரில் மறுப்பு பெரும்பாலும் வாய்வார்த்தையாக, சாட்சி இல்லாமல் நடக்கிறது. "டாக்டர் இல்ல, நாளைக்கு வா" என்பதை எங்கே போய் நிரூபிப்பது? 2019 சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் புகார் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும், மருத்துவமனைக்கும் அது பொருந்தும். புகார் கொடுக்கப் போகிறவர் கையில் ஓ.பி. சீட்டு, தேதி, நேரம், பேசியவர் எந்தப் பிரிவில் என்ன பொறுப்பில் இருந்தார் என்ற குறிப்பு இவ்வளவாவது இருக்க வேண்டும். பார்க்க முடியாது என்று சொன்னால், அதை அந்தச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம், அப்படி எழுதித் தரத் துணிபவர்கள் குறைவு.